கறுப்புக் கண்ணாடியில் வெளுத்த இடம்

இராஜகுமாரி குவைத்திலிருந்து இலங்கைக்குத் திரும்பி வந்தபோது வடக்கில் சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை. அவள் இல்லாத வருஷங்களில் ஊரில் என்னென்ன நடந்திருந்தது என்பது அவளுக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வான் வண்டியை வாங்கியிருக்க மாட்டாள்.

கம்பளை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் அவள். கட்டிய புருஷன் மன்னார்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, அழுதது போதும் என்று பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குவைத்தில் நடமாட முடியாத ஒரு மூதாட்டியைத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டு மருமகளுக்கு இவளிடம் ஒரு பிரியம். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வசதியாக இருக்குமென்று இவளுக்கே கார் ஓட்டப் பழக்கிவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நாளே இராஜகுமாரி முடிவு செய்துவிட்டாள், ஊருக்குப் போனால் இதுதான் தன் பிழைப்பு என்று.

தங்கை சந்திரிகா கண்டிக்குப் பக்கத்தில் ஒரு கார்மன்ட் பக்டரியில் தையல் வேலை செய்துவந்தாள். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து நிறையப் பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். விடியுமுன் எழுந்து, நெரிசல் பஸ்ஸில் தொங்கி, கம்பளையில் இன்னொரு பஸ் மாறி, போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். “நீ ஒரு வானைப் போடுக்கா, ஆள் சேக்குறது என் வேல” என்றாள் சந்திரிகா. அக்காவும் தங்கையுமாகக் கண்டிக்குப் போய்ப் பார்த்து எடுத்ததுதான் அந்த வெள்ளை வான். ஜப்பானில் ஓடிவிட்டு வந்தது. முன்பக்கம் தெளிந்த கண்ணாடி. நடுக்கதவிலிருந்து பின்னால் முழுக்கக் கறுப்பு.

“ஒட்டுன டின்ட் இல்ல தங்கச்சி, கம்பனியிலயே கண்ணாடிய இப்படித்தான் செய்வாங்க. பொலிஸ்காரன் கழட்டச் சொல்ல மாட்டான்” என்றான் விற்றவன்.

இராஜகுமாரிக்கு அது பிடித்துப்போயிற்று. குவைத்தில் எல்லா வண்டிகளும் அப்படித்தான். பெண் பிள்ளைகள் உள்ளே அசந்து தூங்கினாலும் தெருவில் நிற்கிறவர்கள் முறைத்துப் பார்க்க முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சக்கரத்துக்கு எலுமிச்சங்காய் வைத்து, கோயிலைச் சுற்றி வந்த மறுநாள், சந்திரிகா வானைக் கழுவினாள்.

“அக்கா, நடுக்கதவு கண்ணாடியில யாரோ கைய வச்சிருக்காங்க. போக மாட்டேங்குது.”

இராஜகுமாரி வந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் ஓரிடம் வெளுத்திருந்தது. உள்ளே நின்று ஒருவர் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் எப்படித் தெரியுமோ அப்படி. வெளியிலிருந்து துடைத்தாள். உள்ளே ஏறி உட்கார்ந்து துடைத்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அவ்வளவுதான். இறங்கி வெளியே வந்து பார்த்தால் மறுபடியும் கை.

முதல் வாரம் அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. வான் ஓடும்போதுதான் அதன் வேலை தெரிந்தது. காலையில் கம்பளையிலிருந்து கண்டிப் பக்கம் போகையில் வெயில் வலது பக்கமாக வரும். இடது பக்க ரோட்டோரத்தில் நிற்கிறவர்களுக்கு, உள்ளே நுழைந்த வெயில் அந்த வெளுத்த இடத்தின் வழியாக வெளியே தெரியும். மரநிழல்கள் குறுக்கே ஓட ஓட, விரல்கள் மடங்கி விரிகிற மாதிரி இருக்கும். சாயந்தரம் திரும்பி வரும்போது வெயிலும் மேற்கே திரும்பியிருக்கும். அப்போதும் அதே கை.

கெலிஓயாவில் வெற்றிலைக்கடை வைத்திருந்த பெண் ஒருநாள் கேட்டாள். “ஒங்க வான்ல யாரு அது, எந்நேரமும் கண்ணாடியத் தட்டிக்கிட்டே போறது?”

“யாருமில்லையே.”

“நான் தெனமும் பாக்குறேனே” என்றாள் கடைக்காரி. பிறகு சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

அந்தச் சன்னல் ஓரம் உட்கார்ந்துவந்த பெண் பின்சீட்டுக்கு மாறிவிட்டாள். கேட்டதற்கு, “அங்க குளிருதுக்கா” என்றாள். அதற்கப்புறம் எத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் அந்த இடம் மட்டும் காலியாகவே போய்வந்தது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை மறுநாளிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது; மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் இராஜகுமாரி தனியாக ஒரு தோட்டத்துக்குள் வானை விட்டாள், வழி பார்த்து வைக்க. லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் வானைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தார். ஒரு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. குழாயடியில் நிரம்பி வழிந்த வாளியை எடுக்க ஆளில்லை. இராஜகுமாரி இறங்கி, “யாருங்க இருக்கீங்க?” என்று கூப்பிட்டாள். கதவிடுக்குகளில் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. வானின் நடுக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து சந்திரிகாவிடம் சொன்னாள்.

“ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. வெள்ள வான், கறுப்புக் கண்ணாடி... அதுலதான் ஆள்களத் தூக்கிட்டுப் போறாங்க. கொழும்புல, வவுனியாவுல. நம்ம தோட்டத்துப் பையன்க வேலைக்குப் போன எடத்துலயும் தூக்கியிருக்காங்க. போனவங்க யாரும் திரும்பி வரல.”

“வாங்கும்போது ஏண்டி சொல்லல?”

“ஒனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. ஒரு கண்ணாடியில என்ன இருக்குன்னு நானும் விட்டுட்டேன்.”

பேராதனைப் பாலத்தடியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. தினமும் போகிற வான் என்பதால் வழக்கமாகக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் புதிதாக வந்திருந்த சிப்பாய் ஒருவன் நிறுத்தினான். சின்னப் பையன்தான், மீசை கூடச் சரியாக அரும்பவில்லை. நடுக்கதவுப் பக்கம் போனவன் கண்ணாடியைத் தட்டி, உள்ளே இருக்கிறவரைக் கையை எடுக்கச் சொன்னான், சிங்களத்தில். கை அப்படியே இருந்தது. இன்னும் பலமாகத் தட்டினான். பிறகு கதவை இழுத்துத் திறந்தான். அந்தச் சீட் காலியாக இருந்தது. மற்றப் பெண்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஒடுங்கியிருந்தார்கள். சிப்பாய் காலிச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவர் அட்டையையும் வாங்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினான், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி. போகச் சொல்லிக் கை காட்டினான். பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே வண்டியை எடுத்த இராஜகுமாரிக்கு அவன் தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

அன்றைக்கே பக்டரியில் பெண்களை இறக்கிவிட்டுக் கெலிஓயாவில் ஹுஸைனின் கடைக்குப் போனாள். வாகனக் கண்ணாடி மாற்றுகிறவர். நல்ல மனுஷர், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிறவர், ஊருக்கெல்லாம் ‘நானா’, அண்ணன். வானைச் சுற்றி வந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நகத்தால் சுரண்டினார். ஏதோ மருந்தைத் துணியில் தொட்டுத் தேய்த்தார். பொலிஷ் மெஷினைப் போட்டு உள்ளும் புறமும் உரசிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது மேல ஈக்கிற அழுக்கு இல்ல. கண்ணாடிக்குள்ளுக்கே ஈக்கிற பழுது. செய்யக்குள்ள அந்த எடத்துல நெறம் புடிக்காமப் போயீக்கும். ஒரச்சி எடுக்க ஏலா.”

“அப்ப என்னதான் செய்றது நானா?”

“மேல கறுப்பு டின்ட் ஒட்டித் தாரன். மறஞ்சிரும்.”

ஒட்டினார். மறைந்தது. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் சோதனைச் சாவடியில் ஒட்டிய டின்ட் கூடாது என்று பிடித்து உரித்துவிட்டார்கள். கம்பனிக் கறுப்பு இருக்கலாம், மேலே ஒட்டியதுதான் குற்றமாம். உரித்தபோது அந்த இடம் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. வானை விற்றவனிடம் போய் நியாயம் கேட்டாள். “ஓடுதில்ல? கண்ணாடி ஒடையலில்ல? அப்புறமென்ன?” என்று அவன் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

வடிவம்மா வந்தது அந்த நாட்களில்தான்.

தோட்டத்து ரோட்டும் பெரிய ரோட்டும் சேருமிடத்தில் வானை நிறுத்திப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தாள் இராஜகுமாரி. பனி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள், அறுபது வயதிருக்கும், தலையில் கம்பளித் துணி, காலில் செருப்பில்லை. நேராக நடுக்கதவுக்கு வந்து, கண்ணாடியில் இருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள். அசையாமல் நின்றாள்.

“டைவரம்மா, கதவத் தொறங்க. எம்புள்ள உள்ள இருக்கான்.”

இராஜகுமாரி இறங்கிப் போனாள். “இல்லம்மா. இது கார்மன்ட் புள்ளைங்க போற வான்.”

“சுண்டுவெரலப் பாருங்க. கோணலா இருக்கில்ல? சின்னதுல கதவுல மாட்டி நசுங்குனது. நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டேன். எனக்குத் தெரியாதா?”

அவள் கையை எடுத்தாள். இராஜகுமாரி பார்த்தாள். அத்தனை நாள் துடைத்திருக்கிறாள், உரசியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்ததை அவள் கவனித்ததே இல்லை.

கதவைத் திறந்து காட்டினாள். வடிவம்மா ஏறி, காலிச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இறங்கி நின்று வானையே பார்த்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மெல்லிய குரலில் சொன்னாள்: மகன் பெயர் தியாகராஜா. கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை. போன வருஷம் இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவனை வானில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். பொலிஸுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அலைந்து ஓய்ந்துபோய் வந்திருக்கிறாள்.

மறுநாளும் வடிவம்மா வந்தாள். அதற்கு மறுநாளும். உள்ளே ஏற வேண்டுமென்று அதற்குப் பிறகு கேட்கவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பேசுவாள். வான் கிளம்பினால் கையை எடுக்காமலே கொஞ்ச தூரம் கூட வருவாள். இராஜகுமாரி முதல் கியரிலேயே ஊர்ந்து போவாள். ஒரு காலையில் பேச்சு அவள் காதில் விழுந்தது. “சாப்டியா? அடிக்கிறாங்களாப்பா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள் வடிவம்மா. பிறகு “ம்” என்றாள். இன்னொரு தடவை “ம்” என்றாள்.

இராஜகுமாரிக்குத் தூக்கம் கெட்டது. வானை முற்றத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்த பிறகும், யாரையோ உள்ளே பூட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது. சோறு போட்டு உட்கார்ந்தால் எழுந்து போய் நடுக்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். வேலைக்கு வரும் பெண்களில் ரெண்டு மூன்று பேர் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

“அந்தக் கண்ணாடிய மாத்திரு அக்கா” என்றாள் சந்திரிகா. “அந்த அம்மாவுக்கும் நல்லது. இல்லாத ஒண்ணப் பாத்துப் பேசிக்கிட்டு நிக்கிது.”

ஹுஸைன் கொழும்பிலிருந்து ஒரு கண்ணாடி வரவழைத்தார். கறுப்புக் கிடைக்கவில்லை, சாதாரணத் தெளிந்த கண்ணாடிதான். “அது போதும் நானா. அதுதான் வேணும்” என்றாள் இராஜகுமாரி. பழையதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். வண்டியிலிருந்து பிரிந்த பிறகு அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர், முன்னால் ஒரு கை.

“இத எனக்கிட்ட வைக்க ஏலா தங்கச்சி. நீங்க கொண்டு போறீங்களா?”

“வேணாம். ஒடச்சிருங்க.”

அவர் சாக்கை விரித்து, கண்ணாடியைக் கிடத்தி, பிஸ்மில்லா சொல்லிச் சுத்தியலால் அடித்தார். உடையவில்லை. ஓரமாகப் பார்த்து மறுபடி அடித்தார். சத்தமே இல்லாமல் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல்லுப்புப் போல உதிர்ந்தது. இராஜகுமாரி குனிந்து துண்டுகளைக் கிளறினாள். ஒரு கைப்பிடி வெளுத்த துண்டுகள் கிடக்க வேண்டும். எல்லாமே ஒரே கறுப்பாக இருந்தன. சாக்கின் அடிவரை கையை விட்டுத் தேடினாள். விரலில் கீறல் பட்டு இரத்தம் வந்ததுதான் மிச்சம்.

“எங்க நானா போச்சு?”

ஹுஸைன் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தோட்டத்து முனையில் வடிவம்மா நின்றாள். வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். தெளிந்த கண்ணாடி வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. பெண்களின் முகங்கள், சாப்பாட்டுப் பைகள், காலியான அந்தச் சீட். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் வந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“எறக்கி விட்டுட்டீங்களா டைவரம்மா? எந்த எடத்துல எறக்குனீங்க?”

இராஜகுமாரி வாயைத் திறந்தாள். அவன் ஏறவே இல்லையம்மா என்று சொல்ல வேண்டும். இதே வாயால் அதை முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனால் சாக்கில் உதிர்ந்து கிடந்த கறுப்புத் துண்டுகள் கண்முன் வந்தன. தான் எதையோ உடைத்துவிட்டோம், அது இருந்ததோ இல்லையோ, இவளிடம் இருந்த ஒன்றே ஒன்றை உடைத்துவிட்டோம் என்று பட்டது.

“ஏறுங்கம்மா” என்றாள். “வாங்க, பாத்துக்கிட்டே போவோம்.”

அப்படித்தான் வடிவம்மா வானில் வரத் தொடங்கினாள். யாரும் உட்காராத அந்தச் சீட் அவளுடையதாயிற்று. கம்பளை, கெலிஓயா, பேராதனை வழியாகப் பக்டரிவரை வருவாள். பெண்களை இறக்கிவிட்டுத் திரும்புகையில் அவளும் திரும்புவாள். வழியெல்லாம் ரோட்டோர முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பெண்கள் அவளுக்கு ரொட்டி கொண்டுவந்தார்கள். பஸ்ஸுக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். இராஜகுமாரி கையில் தேறியபோதெல்லாம் மற்றக் கறுப்புக் கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். கடைசியில் அந்த வான், உள்ளே இருப்பவர்களின் கொலுசு வரை வெளியே தெரிகிற வானாகிவிட்டது.

ஒரு காலை பேராதனைக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளை வான் இவர்களை முந்திக்கொண்டு போனது.

“டைவரம்மா” என்றாள் வடிவம்மா. “அந்த வண்டிக்குப் பின்னாலயே போங்க.”

இராஜகுமாரி தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பெண்களைப் பார்த்தாள். தாமதமானால் பக்டரியில் பேச்சுக் கேட்க வேண்டும். சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தி கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இராஜகுமாரி கியரை மாற்றினாள். கண்டிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அந்த வானைத் தொடர்ந்தாள். அது வேகத்தைக் கூட்டியது. இவளும் கூட்டினாள். பெரியாஸ்பத்திரி வாசலுக்குள் அந்த வான் திரும்பி நின்றது. வடிவம்மா இறங்கிப் போய்க் கறுப்புக் கண்ணாடியைத் தட்டினாள்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு சிங்களக் குடும்பம். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறைமாதக்காரி. அவர்கள் முகத்தில் அப்படியொரு பயம். ஒரு வான் நெடுந்தூரம் தங்களைத் துரத்தி வந்ததைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வெள்ளை வான். வடிவம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கர்ப்பிணியின் கன்னத்தைத் தொட்டாள். திரும்பி வந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“இதுல இல்ல.”

தியாகராஜா வரவில்லை. சண்டை முடிந்து, சாவடிகளை எடுத்து, கறுப்புக் கண்ணாடிக்கு யாரும் பயப்படாத காலம் வந்தும் வரவில்லை. வடிவம்மாவுக்குக் கால் வீங்கி, லயத்தை விட்டு இறங்க முடியாமல் போனது. இராஜகுமாரி ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போனதும் வடிவம்மா கேட்பது ஒன்றுதான்: “இந்த வாரம் பாத்தீங்களா?” இராஜகுமாரி, “பாத்தேம்மா, இல்ல” என்பாள். அது பொய்யில்லை.

போன வருஷம் கண்டி நகரத்துக்குள் மழையில் வாகனங்கள் நெரிந்து நின்றன. பக்கத்தில் ஒரு புதுக் கார், பின்கண்ணாடி முழுக் கறுப்பு. இராஜகுமாரி தன் சன்னலை இறக்கினாள். மழை முழங்கை வரை நனைக்க, கையை நீட்டி அந்தக் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி மெல்ல இறங்கியது. தூக்கக் கலக்கத்தில் ஒரு சின்னப் பெண்குழந்தை அவளைப் பார்த்தது.

“ஒண்ணுமில்லடா. தெரிஞ்ச ஆள்னு நெனச்சேன்” என்றாள்.

குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஹோன் அடித்தார்கள். இராஜகுமாரி சன்னலை ஏற்றிக்கொண்டு வண்டியை நகர்த்தினாள்.